தண்ணி குடிச்சிட்டுச் சொல்றவன்

"மாத்திட்டானுங்க, எல்லாத்தையும் மாத்திட்டானுங்க"ன்னு வீடே இடிஞ்சி விழுற மாதிரி கத்துறாங்க. யாருன்னு கேளு. எம் பேத்தி ஸ்டெல்லாவோட வீட்டுக்காரன் பிரபு, அவங்கூட வேல செய்ற தோஸ்துங்க. மீசையெல்லாம் மொளச்சி, பைக்குக்கு மாசாமாசம் தவணை கட்டுற பசங்க. சண்டை இன்னாத்துக்குன்னா டீவில வர்ற ஒரு சீரியலுக்கு. அது மொதல்ல கம்ப்யூட்டர்ல ஆடுற கேமா இருந்திச்சாம். இப்ப வெள்ளக்காரங்க அத்த சீரியலா எடுத்து, தமிழ்ல பேச வெச்சி வுட்ருக்காங்க.

"கேம்ல அவளுக்கு முடி கட்டையா இருக்கும்டா. இங்க பாரு, சடை போட்டு வுட்ருக்கான்" இது ஒருத்தன்.

"முடிய வுடு. அந்தப் பெரிய கப்பல் தெக்கால இருக்கணும். எங்க கொண்டாந்து நிறுத்திருக்கான் பாரு" இது பிரபு. கையில ஆற்காட்டுலேருந்து வாங்கியாந்த மக்கன் பேடா. அத்த தின்னக்கூட மறந்துட்டு கத்துறான்.

எனக்கு ஒரே சிரிப்பு. நான் ஜம்முனு கட்டில்ல காலை நீட்டிக்கினு பாத்தேன். இன்னா மாதிரி எடுத்திருக்கான்! உலகமே கருகிப் போச்சி. கடல் வத்திப் போச்சி. கப்பலுங்கல்லாம் மணல்ல நிக்குது, நம்ம பாலாத்துல மணல் லாரி நிக்குமே அப்டி. ஜனங்க அந்தக் கப்பலுக்குள்ள குடித்தனம் பண்றாங்க. சாம்பல் நாய்னு ஒண்ணு வருது பாரு, தோல உரிச்சிட்ட மாதிரி. அது வந்தா நான் முந்தானைய மூஞ்சில போட்டுக்குவேன், சந்துல பாப்பேன். அந்தப் பொண்ணு கழுத்துல செவப்புத் துண்டு கட்டிக்கினு, காணாமப் போன தங்கச்சியத் தேடிக்கினு போறா. "உயிர் உள்ளவரை உன்னைக் கைவிட மாட்டேன்"னு கோயில் மைக்ல பேசுற மாதிரி பேசுறா. அதுக்கு ஸ்டெல்லா ஒரு சிரிப்பு.

"ஆயா, உனுக்கு இன்னா புரியுது இதுல?"ன்னு கேட்டா.

எனக்குப் புரியாதா? எனக்கு இந்தக் கதை முன்னாடியே தெரியும்டி. பிரபுவுக்கு முன்னாடியே தெரியும். நான் பாத்துனு இருந்தது ஒரே ஒரு ஆளுக்காக. அதுல ஒரு கெழவி வரணும். கப்பல் ஓட்டைக்குள்ள அடுப்பு வெச்சிக்கினு கீற கெழவி. அவ எப்ப வருவா, எப்ப வருவான்னு பாத்துனு இருந்தேன். அவ வந்துட்டா அவனே வந்த மாதிரி எனக்கு.

அவன்னா யாருன்னு சொல்லணும் இல்ல. பேரு வேணாம். அவன் பேரச் சொல்லி நானும் கூப்ட்டது கெடையாது. சந்துல எல்லாரும் 'பாய்'ம்பாங்க, நான் 'தம்பி'ம்பேன். ஆம்பூர்க்காரன். வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால எங்க சந்து. நம்ம இட்லிக் கட கீழ, மேல ஒரு ரூமு. அந்த ரூம்லதான் இருந்தான்.

அவனுக்கு இன்னா வேலன்னா, பேசுற வேல. மெய்யாத்தான். கல்கத்தா பக்கத்துலேருந்தும் அதுக்கு அந்தாண்ட எங்கெங்கேயோ இருந்தும் நோயாளிங்க வருவாங்க. ரயிலு வுட்டு காட்பாடில எறங்கி, பொட்டியும் பாயுமா எங்க சந்து லாட்ஜுக்கு வந்து நிப்பாங்க. நம்ம பாஷை தெரியாது. இவன் வூட்ல உருது, ஹிந்தி பேசுவான், பெங்காலிய இந்தச் சந்துலயே கத்துக்கினான். அவங்களக் கூட்டிக்கினு போய் சீட்டு போட்டு, டாக்டராண்ட நிக்க வெச்சி, டாக்டர் சொல்றத அவங்களுக்குச் சொல்லி, அவங்க சொல்றத டாக்டருக்குச் சொல்லி.

ஆனா ஒண்ணு. அவன் எதையும் அப்டியே சொல்ல மாட்டான்.

ஒரு பெங்காலி அம்மா எங்கடைல சாம்பார வாயில வெச்சிட்டு மூஞ்சிய சுளிச்சிக்கினு ஏதோ சொல்லிச்சி. "இன்னா சொல்லுது தம்பி?"ன்னேன். அவன் எப்பவும் கையில ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வெச்சிருப்பான். அதத் தொறந்து ஒரு முழுங்கு குடிச்சான். "இந்த மாதிரி சாம்பார் அவங்க ஊர்லயே கெடைக்காதாம் ஆயா"ன்னான். எனக்குக் கால் தரையில நிக்கல. ஒரு கரண்டி சேத்து ஊத்துனேன். அந்தம்மா என்னைக் கொல்ற மாதிரி பாத்துச்சி. அப்புறம் இட்லி எண்ணிக்கைல அதுக்கும் எனக்கும் ஒரு நாள் வாய்ச்சண்ட. "கஞ்சப் பிசினாறி, உன் புருசன் எப்டித்தான் உங்கூட காலம் தள்றானோ"ன்னு சொல்லிட்டேன். இவன் ஒரு முழுங்கு தண்ணி குடிச்சிட்டு அதுங்கிட்ட ஏதோ சொன்னான். அந்தம்மா எழுந்து வந்து எங்கையப் புடிச்சிக்கினு கண்ணுல தண்ணி வுடுது! அப்புறமா கேட்டா, "உங்க புருசன் சீக்கிரம் எழுந்து நடக்கணும்னு ஆயா வேண்டிக்கிறாங்க"ன்னு சொன்னானாம். நான் இன்னா பண்றது? மெய்யாவே வேண்டிக்க வேண்டியதாப் போச்சி.

நாளாக நாளாகத்தான் நான் அந்தத் தண்ணியக் கண்டுபுடிச்சேன். உள்ளத உள்ளபடி சொல்லணும்னா பட்டுனு சொல்லிடுவான். மாத்திச் சொல்லணும்னா ஒரு முழுங்கு குடிச்சிட்டுத்தான் வாயத் தொறப்பான். "இன்னாடா தம்பி, அப்பப்ப தண்ணி?"ன்னு கேட்டா, "எங்க ஊர்த் தண்ணி உப்பு ஆயா, தோல் பேக்டரிங்க வந்ததுலேருந்து வாயில வெக்க முடியாது. இங்க வந்துதான் ஆசையாக் குடிக்கிறேன்"பான். அதச் சொல்லும்போதும் ஒரு முழுங்கு.

எல்லாம் சிரிப்பா முடியல. ஒரு தாய், அதோட புள்ள வார்டுல. டாக்டர் கைய விரிச்சிட்டாங்க. ஊருக்குக் கூட்டிக்கினு போங்க, இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு தன்மையாத்தான் சொல்லிருக்காங்க. இவன் அந்தம்மாவாண்ட இன்னா சொன்னான்? "ஊர்க் காத்து பட்டா உடம்பு தேறுமாம், டாக்டர் சொல்றாங்க"ன்னு சொன்னானாம், அவனே எங்கிட்ட சொன்னான். அந்தம்மா சிரிச்சிக்கினே பொட்டியக் கட்டிச்சி. எங்கடைல வந்து வழிக்கு இட்லி வாங்கிக்கினு போச்சி.

நான் அவனப் புடிச்சி நிறுத்துனேன். "இது பாவம்டா. நாளைக்கு அந்தப் புள்ளக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அவங்க ரயில்ல தூங்கணும் இல்ல ஆயா"ன்னான்.

அப்புறம் அந்தப் புள்ளையோட அண்ணங்காரன் போன் பண்ணான். போன்லேருந்து சத்தம் எனக்கே கேட்டுச்சி. முன்னாடியே உண்மையச் சொல்லிருந்தா வெளிநாட்டுல கீற தம்பிய வரவெச்சிருப்போமே, கடைசியா மூஞ்சியாவது பாத்திருப்பானேன்னு திட்றானாம், அப்புறமா இவனே சொன்னான். இவன் போனக் காதுலேருந்து எடுக்கல. அவன் திட்டி ஓயற வரைக்கும் கேட்டான். எனக்கு அவம்மேல கோவமும் வருது, அவன் நிக்கிறதப் பாத்தா பாவமாவும் கீது. சரி, இனிமே திருந்திடுவான்னு நெனச்சேன். எங்க? மறுநாளே பாட்டில நிரப்பிக்கினு போய்ட்டான்.

இப்ப கேம் கதைக்கு வரேன். மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டம் ஓஞ்சதும் நான் ராத்திரி சாம்பாருக்கு சின்ன வெங்காயம் உரிச்சிக்கினு ஒக்காந்திருப்பேன். அவன் ஆஸ்பத்திரிலேருந்து வந்து, மடில வெக்கிற கம்ப்யூட்டர எங்க கட டேபிள்ல வெச்சிட்டு ஆட ஆரம்பிப்பான். மொதல்ல எனக்குப் பேஜாரா இருந்திச்சி. ஒரே சாம்பல், ஒரே துப்பாக்கி. "இவ்ளோ செத்த சனத்தப் பாத்துட்டு வர்றியே, வந்து இதையும் பாக்கணுமா?"ன்னேன்.

"இதுல செத்தவங்க முன்னாடியே செத்துட்டாங்க ஆயா. மிச்சம் கீறவங்க எப்டி இருக்காங்கன்றதுதான் கதை"ன்னான். தண்ணி குடிக்காம பட்டுனு சொன்னான்.

அது இங்கிலீஷ்ல பேசும். இவன் எனக்குத் தமிழ்ல சொல்லுவான். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு கொரலு வெச்சிச் சொல்லுவான் பாரு, வெங்காயத்துல கண்ணீர் வருதா சிரிப்புல வருதான்னு தெரியாது. நடுவுல நடுவுல அந்தப் பொண்ணு இப்டிச் செய்யட்டுமா, அப்டிச் செய்யட்டுமான்னு அதுவே கேக்குமாம். இவன் எங்கிட்ட கேப்பான். நான் சொல்றதத்தான் அமுக்குவான். நான் எழுத்து தெரியாத கெழவி, ஒரு உலகத்தையே நடத்திக்கினு இருந்தேன் போ.

ஒரு நாள் கேட்டேன். "ஏண்டா, இதுல கெழவிங்களே இல்லியா? எல்லாம் வயசுப் பசங்களா துப்பாக்கி எடுத்துனு சுத்துதுங்க. சோறு யாரு பொங்குறது?"

அப்டியே வாயில கைய வெச்சிக்கினு சிரிச்சான். மறுநாள் வந்து ஒக்காந்ததும் ஒரு முழுங்கு குடிச்சான். "ஆயா, இங்க பாரு. கப்பல் ஓட்டைலேருந்து புகை வருது, தெரியுதா?"

தெரிஞ்சிது. லேசா நீலமா புகை. அந்தப் பொண்ணு அதுங்கிட்ட போய் ஒக்காந்துக்கினா. அவ மேல கீற காயமெல்லாம் ஆறிப் போச்சி.

"உள்ள ஒரு கெழவி அடுப்பு வெச்சிருக்கு ஆயா. யார் வந்தாலும் பேர் கேக்காம ஒரு தட்டு வெச்சிடும். 'மொதல்ல தின்னு, அப்புறம் சண்ட போடு'ன்னு சொல்லுது."

"அவ மூஞ்சியக் காட்ட மாட்டேன்றானே"ன்னேன்.

"அடுப்பு வேல ஆயா. வெளிய வர அதுக்கு ஏது நேரம்?"

மெய்தானே, எனக்கு மட்டும் நேரம் கீதா? அன்னிலேருந்து புகை வந்தா நான் வெங்காயத்த வெச்சிட்டுப் பாப்பேன். "இன்னா சொல்லுது இன்னிக்கு?"ன்னு கேப்பேன். அந்தக் கெழவிக்கும் கால் மூட்டு வலியாம். அதுக்கும் கேஸ் வெல ஏறிப் போச்சாம். உலகம் அழிஞ்சப்புறம் கேஸ் ஏதுன்னு நான் கேக்கல.

அப்புறம் ஒரு சாயக்காரக் கெழவன் வந்தான். இதக் கேட்டுக்கோ. எல்லாம் சாம்பல் கலரா கீற அந்த ஊர்ல, ஒரு கப்பல் அடியில ஒக்காந்து துணிக்குக் கலர் போடுறவன். செவப்பு, நீலம், எல்லாம் அவங்கையாலதான். அந்தப் பொண்ணு கழுத்துத் துண்டுகூட அவன் போட்ட கலருதானாம். ஆனா இந்த தடவ அவன் போட்ட கலரு மழையில போய்டுது. அத்த அவங்கிட்ட யாராவது சொல்லணும். சுத்தி ஜனம் நிக்குது. சொன்னா அத்தன பேர் எதுர்ல கெழவன் தலகுனியணும்.

கம்ப்யூட்டர்ல அந்தப் பொண்ணு சும்மா நின்னுக்கினு இருந்தா. இவன் எங்கிட்ட திரும்பினான். "சொல்லட்டுமா, வேணாமா ஆயா?"

"இதுல இன்னாடா கேள்வி? சொல்லு. தப்புன்னா திருத்திக்குவான். கைவேல தெரிஞ்சவன்தானே"ன்னேன் நான், வெங்காயத்தப் பாத்துக்கினே.

அவன் கம்ப்யூட்டர மூடிட்டு மேல போய்ட்டான். அன்னிக்கு ராவு சாப்டக்கூட எறங்கி வரல. மறுநாள் மத்தியானம் வந்தான். பாட்டில்ல பாதியக் குடிச்சான். "சொல்லிட்டேன் ஆயா. கெழவன் இன்னா பண்ணான் தெரியுமா? 'இத எங்கிட்ட சொல்ல உனுக்கு இவ்ளோ நாளாடா'ன்னு கட்டிப் புடிச்சிக்கினான்."

"நான் சொல்லல?"ன்னேன். எனக்கு ஒரே பெருமை.

இந்த கேமு சீரியலா வருதுன்னு அவந்தான் மொதல்ல வந்து சொன்னான். "ரெண்டு பேரும் சேந்து பாக்கணும் ஆயா."

"அடுப்புக்காரி வருவாளாடா அதுல?"

ஒரு முழுங்கு. "அவ இல்லாம கதையா?"

அதுக்கப்புறம்தான் அவன் கண்ணு மஞ்சளாச்சி. வேலைக்குப் போற ஆஸ்பத்திரிதானே, தனக்குன்னு போய்க் காட்டிக்க மாட்டேன்றான். நான்தான் கடைய சாத்திட்டு இழுத்துக்கினு போனேன். என்னென்னமோ டெஸ்ட்டு எடுத்தாங்க. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, வடக்கத்திக்காரி, ஹிந்திலதான் பேசிச்சி. ரொம்ப நேரம் மெதுவாப் பேசிச்சி. நடுவுல என்னையும் ஒரு தடவ பாத்துச்சி. கடைசில அவன் கைமேல கைய வெச்சிது. இவன் தலைய ஆட்டிக்கினே இருந்தான்.

"இன்னா சொல்றாங்க?"ன்னேன்.

அவன் மடியிலேருந்து பாட்டில எடுத்தான். மூடியத் தொறந்தான். குடிச்சான்.

"கல்லீரல் லேசா வீங்கிருக்காம் ஆயா. மாத்திரையும் பத்தியமும் போதுமாம். உன் வடைதான் காரணமாம், அத்த நிறுத்தணுமாம்."

அந்தத் தண்ணிய நான் பாத்தேன். பாக்காம இல்ல. பாத்துட்டுத்தான் நம்பினேன்.

எண்ணெயே இல்லாம அவனுக்குத் தனியா ஆக்குனேன். ரசம், மோரு, வேகவெச்ச பீர்க்கங்கா. அவனும் ஒக்காந்து சாப்ட்டு, "இன்னிக்குப் பரவால்ல ஆயா, தெம்பா கீது"ம்பான். கேம் ஆடுவான். அடுப்புக்காரிக்கும் அந்த மாசம் யாரோ நோயாளி வந்துட்டானாம், அவளும் பத்தியச் சோறு ஆக்குறாளாம். நான் அந்த மாசங்கள்ல பாட்டுப் பாடிக்கினு வேல செஞ்சேன், தெரியுமா? நாள் ஆக ஆக அவன் படியேற முடியாம ஆனான். அப்பவும் நான் பீர்க்கங்கா வாங்கினுதான் இருந்தேன். வார்டுல சேத்துட்டாங்க. நான் கஞ்சி எடுத்துக்கினு போனேன். கட்டில்ல பாட்டில் மட்டும் இருந்திச்சி.

ஆம்பூருக்கு எடுத்துக்கினு போனாங்க. நானும் ஸ்டெல்லாவும் போனோம். பொம்பளைங்க உள்ள ஒக்காந்திருந்தோம். அவன் தங்கச்சி எம்மேல சாஞ்சிக்கினு அழுதுது. அப்பத்தான் அது சொல்லிச்சி, இவன் ஊர வுட்டு வந்த கதைய. எங்கிட்ட இவன் சொன்னதெல்லாம், "ஷூ பேக்டரில இருந்தேன் ஆயா, ஒத்துக்கல, வந்துட்டேன்" அவ்ளோதான்.

அவங்கப்பா அங்க கலர் மாஸ்டர். தோலுக்குக் கலர் கலந்து போடுறவரு. இவனுக்கு அங்கயும் பேசுற வேலதான். வெளிநாட்டுக்காரன் தோலு வாங்க வந்தா, நடுவுல நின்னு இங்கிலீஷ்ல சொல்றதத் தமிழ்ல சொல்லணும். ஒருத்தன் வந்தான். வெள்ளத் துணிய நனச்சி தோலு மேல வெச்சித் தேச்சிப் பாத்தான். கலரு துணில ஏறிச்சி. "இது எனக்கு வேணாம், மொத்தத்துக்கும் திரும்பக் கலர் போடணும்"னுட்டான். சுத்தி மொத்த பேக்டரியும் நிக்குது. மறு வாரம் தங்கச்சிக்கு நிக்காஹ். அப்பா இவன் மூஞ்சியப் பாக்குறாரு. இவன், "கலரு இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லாருக்கும்ன்றாரு"ன்னு சொல்லிட்டான். அந்தத் தோல் லாட்டு அப்டியே கப்பல் ஏறிப் போய், அப்டியே திரும்பி வந்திச்சி. மாஸ்டர் வேலையும் போச்சி, இவன் வேலையும் போச்சி. அன்னிக்கே சொல்லிருந்தா திரும்பக் கலர் போட்டு அனுப்பிருக்கலாம். நிக்காஹ் முடிஞ்சிது. அப்பனும் மவனும் அதோட பேசிக்கல.

அந்தப் பெரியவர வாசல்ல பாத்தேன். நாற்காலில ஒக்காந்திருந்தாரு. யாரையும் பாக்கல.

இவ்ளோ கேட்டும் எனக்கு உறைக்கல, பாத்துக்கோ. சாயக்காரக் கெழவன் கம்ப்யூட்டருக்குள்ள கீறவன், இவரு ஆம்பூர்ல கீறவரு. நான் ரெண்டையும் சேத்தே பாக்கல.

அப்பத்தான் சீரியல் வந்திச்சி. ஸ்டெல்லா வூட்ல பெரிய டீவி. நான் ஒரு வாரமும் வுடல. புகை எப்ப வரும்னு பாத்தேன். கடைசி வாரம் வந்திச்சி. கப்பல் ஓட்டை, நீலப் புகை. அந்தப் பொண்ணு கிட்ட போனா. நான் கட்டில்லேருந்து எழுந்து டீவியாண்டயே போய்ட்டேன். "இப்ப பாருங்க, இப்ப பாருங்க"ன்றேன். கேமரா உள்ள போச்சி. நாலு கட்டை எரியுது. வேற ஒண்ணும் இல்ல. யாரும் இல்ல. அந்தப் பொண்ணு கையக் காய வெச்சிட்டு எழுந்து போய்ட்டா. சீரியல் முடிஞ்சி போச்சி.

"பிரபு, நீ சொல்றது கரெக்டுப்பா. மாத்திட்டானுங்க"ன்னேன். "அந்த அடுப்புக்காரிய எடுத்துட்டானுங்க பாரு."

"எந்த அடுப்புக்காரி ஆயா?"

"கேம்ல வருவா இல்ல. மூட்டுவலிக்காரி. மொதல்ல தின்னு அப்புறம் சண்ட போடுன்னு சொல்லுவாளே."

பிரபு அவன் தோஸ்துங்களப் பாத்தான். அவனுங்க இவனப் பாத்தாங்க. ஸ்டெல்லா கண்ணால ஜாடை காட்டுறா. அவன் பாக்கல, பாவம், நேர்மையான புள்ள.

"கேம்ல அப்டி யாரும் இல்ல ஆயா. நான் மூணு பாகமும் ஆடி முடிச்சிருக்கேன். அந்த புகை வர்றது, கேம சேவ் பண்ற எடம். அங்க போய் ஒக்காந்துட்டா போதும், அதுக்கப்புறம் செத்தாலும் அந்த அடுப்பாண்டருந்து திரும்ப எழுந்து வரலாம். அதுக்குத்தான் வெச்சிருக்கான்."

நான் கட்டில்ல ஒக்காந்துட்டேன்.

"அப்ப அந்தச் சாயக்காரன்?"

"எந்த சாயக்காரன்?"

அப்பத்தான் எனக்கு எல்லாம் ஒண்ணா வந்து நெஞ்சில ஏறுச்சி. மழையில போற கலரு. சுத்தி நிக்கிற ஜனம். சொல்லட்டுமா வேணாமா ஆயான்னு எம்பக்கம் திரும்பின மூஞ்சி. மறுநாள் பாதி பாட்டில் தண்ணி. பாவி, நீ கேம்ல எதையும் அமுக்கலியேடா. நான் வெங்காயம் உரிச்சிக்கினே பதில் சொல்லிட்டேனே, தெரிஞ்சிருந்தா, இங்க பாருடான்னு ஒரு தடவ நிமுந்து பாத்திருக்க மாட்டேனா.

"என்னை ஆம்பூர் இட்டுக்கினு போ"ன்னேன் ஸ்டெல்லாவாண்ட.

"இன்னாத்துக்கு ஆயா இப்ப?"

"ஒருத்தருக்கு ஒண்ணு சொல்லணும்."

பஸ்ஸுல போனோம். வழியெல்லாம் ஸ்டெல்லா, "பெரியவரு மனசு எப்டி கீதோ, பாத்துப் பேசு ஆயா"ன்னுக்கினே வந்தா. வூட்டத் தேடிக் கண்டுபுடிச்சோம். பெரியவரு தனியாத்தான் இருந்தாரு. சாயம் ஏறின நகம் இன்னும் அப்டியே கீது. வேலூர் இட்லிக் கடன்னு சொன்னதும் நான் யாருன்னு புரிஞ்சிக்கினாரு.

"ஒக்காருங்கம்மா. அந்த ரூமு சாமான் எதுனா எடுத்தாந்தீங்களா?"

"சாமான் இல்ல பாய். ஒரு கதை."

உள்ள போய் சொம்புல தண்ணி கொண்டாந்து வெச்சாரு. "கேன் தண்ணிதான், உப்பு இல்ல, குடிங்க"ன்னாரு. வெயில்ல வந்தது, எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. ஸ்டெல்லா எடுத்துக் குடிச்சா. நான் தொடல.

சொன்னேன். டீவில சீரியலா வந்த ஒரு கேமுன்னு சொன்னேன், கடல் வத்திப் போச்சின்னு சொன்னேன். சாயக்காரன் ஒருத்தன்னு சொன்னேன். அவன் கலரு மழையில போச்சின்னு சொன்னேன். அவரு கீழயே பாத்துனு இருந்தாரு. சொல்லட்டுமா வேணாமான்னு உங்க புள்ள எங்கிட்ட கேட்டான், நான் சொல்லுன்னேன்னு சொன்னேன். அந்தச் சாயக்காரன் கேம்ல கெடையவே கெடையாது பாய், அவனாச் சேத்துக்கினான்னும் சொன்னேன்.

அவரு தன் நகத்தப் பாத்துக்கினே சொன்னாரு. "நிக்காஹ் அவசரம்மா. கலரு போவாம புடிக்க மேல அடிக்கிற மருந்தக் கம்மி பண்ணிட்டேன், காயவும் வுடல. அந்தாளு தேச்ச துணில கலரு ஏறுனத நானே பாத்தேன். என் கண்ணு எதுர்லதான் ஏறிச்சி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா துணி தெரியும் இல்ல? அவன் வேற மாதிரி சொன்னான். எனக்கும் அதான் வேணும்னு இருந்திச்சி. சரின்னுட்டேன்."

"அப்புறம் ஏன் பாய் அவங்கூடப் பேசல?"

"அவன் மூஞ்சியப் பாத்தா அந்தத் துணி தெரியும்மா."

ஸ்டெல்லா அழுதுக்கினு இருந்தா. எனக்கு அழுகை வரல. நான் வந்த வேல இன்னும் முடியல.

"அந்தக் கதைல"ன்னாரு, "அந்தப் பெரியவன் இன்னா சொன்னான் அவங்கிட்ட?"

"'இத எங்கிட்ட சொல்ல உனுக்கு இவ்ளோ நாளாடா'ன்னு கேட்டானாம். கேட்டுட்டுக் கட்டிப் புடிச்சிக்கினானாம்."

அவரு என் மூஞ்சியவே பாத்தாரு. நம்பலாமா வேணாமான்னு தேடுற பார்வ. "டீவிலயாவது அது வருதாம்மா?"

ஒரு முழுங்கு தண்ணி தூரத்துலதான் சொம்பு இருந்திச்சி. எடுத்துக் குடிச்சிருந்தா, வருது பாய், அடுத்த வாரம் வருதுன்னு சொல்லிருப்பேன். அவரும் நம்பிருப்பாரு.

"வராது பாய்"ன்னேன். "அது எங்கயும் வராது. உங்க புள்ள எங்கிட்ட சொன்னது மட்டுந்தான்."

அவரு தலைய ஆட்டுனாரு. ஆட்டிக்கினே இருந்தாரு. அப்புறம் மூஞ்சிய ரெண்டு கையாலயும் பொத்திக்கினாரு.

அதுக்கப்புறந்தான் நான் சொம்ப எடுத்தேன்.